எதிர்ச்சுற்று

கிளினிக்கில் சொன்னது நாளுக்கு எட்டுச் சுற்று.
எந்தப் பக்கமாக என்று சொல்லவில்லை.
முழங்கால் தானே முடிவெடுத்தது:
வாவி இடக்கைப் பக்கம் இருந்தால் நோகாது.

கல்லடியில் மாநகரசபை போட்ட பூங்கா.
நடுவில் மைதானம்.
ஒரு கோல்போஸ்ட்டுக்கு வலை இல்லை,
மற்றதில் கட்டியிருப்பது
யாரோ இறால் பிடித்துக் கழித்த வலை.
பந்து போய் விழுந்தால்
பொடியன்கள் மணந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

எல்லாரும் ஒரு பக்கமாக நடக்க
நான் மட்டும் மற்றப் பக்கம்.
அவர்களுக்கு முன்னால் போகிறவரின் முதுகு,
எனக்கு முகங்கள்.
மூச்சிரைக்கும் வங்கி மனேஜர்,
போனில் யாரையோ ஏசிக்கொண்டு வரும் பிள்ளை,
பிறகு ஜெசீமா.

காத்தான்குடியிலிருந்து மருமகனின் ஓட்டோவில் வருகிறவள்.
வெள்ளைச் சப்பாத்து, கறுத்த அபாயா.
ஒரு சுற்றில் இரண்டு தரம் சந்திப்போம்,
கோல்போஸ்ட்டடியில் ஒன்று, சறுக்கடியில் ஒன்று.
நிற்கக் கூடாது, நின்றால் கணக்கில் சேராது.
கடந்துபோகும் நாலு எட்டுக்குள்
சொல்வதைச் சொல்ல வேண்டும்.

“இளையவளுக்கு மாப்பிள்ளை ஒண்டு வந்திருக்கு கா.”

“ஆள் நல்லம். ஆனா…”

அந்த ‘ஆனா’வைத் தூக்கிக்கொண்டு
அரைச் சுற்று நடந்தேன்.
ஆனா வேலையில்லையோ,
ஆனா கடனோ,
ஆனா முன்னமே ஒருத்தியோ?
ஊஞ்சலில் ஒரு குழந்தை இறங்கமாட்டேன் என்று கத்தியது.
கண்டல் வேருக்குள்ளிருந்து சேறு மணத்தது.

“…ஆனா அவருக்கு இறால் ஒத்துக்காதாம்.”

தனியே சிரித்துக்கொண்டு போனேன்.
கிரிக்கெட் பொடியன்கள் பந்து போடாமல் பார்த்தார்கள்.
வீட்டோடு வந்து இருக்கப்போகிற மருமகன்,
மட்டக்களப்பில்,
இறால் தின்னமாட்டான்.

“கணவாய்?” என்று கேட்டேன் சறுக்கடியில்.
கோல்போஸ்ட்டடியில் வந்தது மறுமொழி:
“அதுவும்தான்.”

ஒருநாள் நான் தொடங்கினேன்.
ஐந்தாம் சுற்றில், “எங்கட அண்ணன்.”
ஆறாம் சுற்றில், “தொண்ணூறாம் ஆண்டு.”
அவள் மிச்சம் கேட்கவில்லை.
ஏழாம் சுற்றில் அவள் சொன்னாள்,
“எங்கட வாப்பாவும்.”
எட்டாம் சுற்றில்
மழை வரும்போல என்றேன்,
ஓம் வரும்தான் என்றாள்.
வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

மாசியில் புதுக் குளிசை தந்தார்கள்,
முழங்கால் இளகிற்று.
கிறுகி நின்று ஜெசீமாவோடு சேர்ந்து நடந்தேன்.
தோளும் தோளும் பக்கத்தில்,
காலமெல்லாம் கதைக்கலாம்.
பேச்சு வரவில்லை.
அவள் சப்பாத்தைப் பார்த்தாள்.
நான் வங்கி மனேஜரின் முதுகைப் பார்த்தேன்,
வியர்வை அதில் இலங்கைப் படம்போல இறங்கியிருந்தது.
மூன்று சுற்று போனபிறகு
“முழங்கால் எப்பிடி?” என்றாள்.
“பறவாயில்ல.”
அவ்வளவுதான்.

அடுத்தநாள் பழையபடி வாவியை இடக்கைப் பக்கம் எடுத்தேன்.
தூரத்தில் வெள்ளைச் சப்பாத்து தெரிந்தது,
ஏதோ சொல்ல வாய் திறந்தபடியே வருகிறாள்.

“நாள் வச்சாச்சு. வாற மாதம் பதினெட்டு.
நீங்க கட்டாயம்…”

மிச்சம் எனக்குத் தெரியும்.
வா என்றுதான் சொல்லப்போகிறாள்.
என்றாலும் எட்டி நடக்கிறேன்.
லைட் போடுகிற நேரம்,
காவல்கார நல்லரெத்தினம் விசிலைத் துடைக்கிறார்,
ஊதினால் எல்லாரும் வெளியே போகவேண்டும்.
காலடிக்கு ஒரு பந்து உருண்டு வருகிறது,
“அன்ரி, அடியுங்க!”
அடித்தேன்,
அது வாவிப் பக்கம் போயிற்று.
பொடியன்கள் தலையில் கை வைக்க,
நான் நிற்கவில்லை,
சறுக்கடிக்கு இன்னும் நாற்பது எட்டு.